அட்டாரி எஸ்டியில் மெக்கின்டோஷ் மென்பொருள்: 1986-ல் இதை எப்படிச் செய்தார்கள்?

#1 வட்டுவேட்டை

எல்லோருக்கும் வணக்கம். பழைய கணினிகளைப் பற்றித் தேடிப் படிப்பது என் வழக்கம். அண்மையில் படித்த ஒன்று மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. 1986-ல் அட்டாரி எஸ்டி கணினியின் பக்கவாட்டில் ஒரு காட்ரிட்ஜைச் செருகினால் ஆப்பிள் மெக்கின்டோஷின் மென்பொருள்கள் அதில் ஓடினவாம். மேக்ரைட், மேக்பெயின்ட் எல்லாம். வேகமும் குறையவில்லையாம். சில வேலைகளில் அசல் மேக்கையே முந்தியது என்றுகூடப் போட்டிருந்தது.

எனக்குத் தெரிந்த எமுலேட்டர்கள் (ஒரு கணினியின் மென்பொருளை இன்னொன்றில் ஓட்டும் நிரல்கள்) அப்படியில்லை. ஒரு பழைய கேம் கன்சோலை இன்றைய கணினியில் ஓட்டவே அசலைப் போலப் பல மடங்கு சக்தி வேண்டியிருக்கிறது. 8 மெகாஹெர்ட்ஸ் கணினி ஒன்று இன்னொரு 8 மெகாஹெர்ட்ஸ் கணினியின் வேலையை எப்படிச் செய்தது? அடுத்தது, ஆப்பிள் இதை எப்படி விட்டுவைத்தது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், படிக்க நான் தயார்.

#2 குறிமுறைஞர்

இரண்டிலும் ஒரே செயலி, மோட்டோரோலா 68000. மேக்கில் 7.83 மெகாஹெர்ட்ஸ், எஸ்டியில் 8. ஒரு கட்டளையைக்கூட மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மேக் நிரலை அப்படியே செயலியிடம் கொடுத்தால் ஓடும். அதனால்தான் வேகம் குறையவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

#3 பழஞ்சில்லு

செயலி ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு டேவிட் ஸ்மாலின் உழைப்பை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருந்தவர். 1986-ல் டேட்டா பசிபிக் நிறுவனத்தின் வழியாக அவர் கொண்டுவந்த மேஜிக் சாக் என்ற காட்ரிட்ஜைப் பற்றித்தான் வட்டுவேட்டை படித்திருக்கிறார்.

இதற்கு ஏன் ஆசைப்பட்டார்கள் என்பதற்கு விலைப் பட்டியலே சாட்சி. 1984 ஜனவரியில் மேக் வந்தபோது 2,495 டாலர். 1986 ஜனவரியில் வந்த மேக் பிளஸ் 2,599 டாலர். ஜாக் டிராமியலின் அட்டாரி 1985-ல் வெளியிட்ட 520எஸ்டி, கறுப்பு வெள்ளைத் திரையோடு சேர்த்து 799 டாலர். முதல் மேக்கில் 128 கிலோபைட் ராம், இதிலோ 512. இவ்வளவும் கையில் இருந்தும் நல்ல எழுத்து மென்பொருளும் பக்க வடிவமைப்பும் மேக்கில்தான் கிடைத்தன. எஸ்டி வாங்கியவர்களுக்கு அந்த ஏக்கம் இருக்காதா?

இனி நுட்பத்துக்கு வருகிறேன். மேக் மென்பொருள் எதுவும் தனியாக நிற்பதில்லை. சாளரம் திறப்பது, எழுத்தை வரைவது, மெனுவைக் காட்டுவது என எல்லாமே மேக்கின் ரோம் சிப்பில் இருக்கும் டூல்பாக்ஸ் என்ற நிரல் தொகுப்பின் வேலை. அதை அழைக்க ஆப்பிள் ஒரு அழகான வழியைப் பிடித்தது. 68000-ன் கட்டளைகள் 16 பிட் அளவிலானவை. அவற்றில் பதினாறெண் முறையில் ‘ஏ’ என்று தொடங்குபவை எதையும் மோட்டோரோலா பயன்படுத்தாமல் விட்டிருந்தது. அப்படி ஒரு கட்டளை வந்தால் செயலி தன் வேலையை நிறுத்தி, நினைவகத்தில் 40-ஆம் முகவரியைப் பார்த்து, அங்கே குறித்திருக்கும் இடத்துக்குத் தாவும். அந்தத் தாவலைத்தான் ஆப்பிள் டூல்பாக்ஸின் வாசலாக வைத்துக்கொண்டது.

சிக்கல் என்னவென்றால், அட்டாரியும் அதே ‘ஏ’ கட்டளைகளைத் தன் வரைகலை வேலைகளுக்கு வைத்திருந்தது! ஒரே வாசலுக்கு இரண்டு இயங்குதளங்கள். நினைவகத்தின் தொடக்கப் பகுதியிலும் இதே மோதல். மேக் தன் பொது மாறிகளை எங்கே எழுதுமோ, அதே இடங்களில்தான் எஸ்டியும் தன் கணக்குகளை வைத்திருந்தது. போதாததற்கு எஸ்டியின் வன்பொருள் முதல் 2 கிலோபைட்டைச் சாதாரண நிரல்கள் தொட விடாது. நல்ல வேளையாக மேக்கில் எல்லா நிரல்களும் செயலியின் உயர் உரிமை நிலையிலேயே ஓடின, அதனால் அந்தப் பூட்டு குறுக்கே வரவில்லை. மேக் ஓடும்போது எஸ்டியின் சொந்த இயங்குதளம் பின்னால் ஒதுங்கிவிட வேண்டும், கணினி முழுவதும் மேக்கின் வசம் போய்விடும்.

அப்புறம் சில்லுகள். மேக்கில் 6522 என்ற சில்லு நேரத்தையும் விசைப்பலகையையும் கவனித்தது. சீரியல் போர்ட்டுக்கு சைலாக் 8530. எஸ்டியில் இவை இரண்டும் கிடையாது, அங்கே மோட்டோரோலா 68901 இருந்தது. மேக் ரோம் 6522-ஐத் தேடிப் போனால் எஸ்டியில் அந்த முகவரியில் ஒன்றுமே இருக்காது, செயலி பிழை காட்டி நிற்கும். நின்ற இடத்திலிருந்து நம்பிக்கையாகத் தொடரத் தேவையான தகவலை 68000 சேமித்து வைப்பதும் இல்லை. அந்தக் குறை 68010-ல்தான் சரியானது. ஆகவே ரோமில் சில்லைத் தொடும் ஒவ்வொரு இடத்தையும் முன்கூட்டியே தேடிப் பிடித்து, எஸ்டிக்கு ஏற்ற மாற்று நிரலை அங்கே வைக்க வேண்டும். மூல நிரல் கையில் இல்லை. எண்களாகக் கிடக்கும் 64 கிலோபைட்டை வரிவரியாகப் பிரித்துப் படித்துத்தான் இதைச் செய்தாக வேண்டும்.

ஒரு மனிதர் இதை உட்கார்ந்து செய்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

#4 வட்டுவேட்டை

இப்படி ஒரு விளக்கத்தைத்தான் எதிர்பார்த்தேன் ஐயா, மிக்க நன்றி. திரையை எப்படிச் சமாளித்தார்கள்? இரண்டும் ஒரே அளவா?

#5 பழஞ்சில்லு

இல்லை, எஸ்டியின் திரை பெரியது. மேக்கில் 512-க்கு 342 பிக்சல், எஸ்டியின் கறுப்பு வெள்ளைத் திரையில் 640-க்கு 400. பரப்பில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டிலும் ஒரு பிக்சலுக்கு ஒரு பிட்தான் என்பதால் தலைவலி குறைவு. திரையின் அகலம், உயரம், அது நினைவகத்தில் தொடங்கும் இடம் ஆகியவற்றை மேக்கின் வரையும் நிரலான குவிக்டிரா ஒரு மாறியில் குறித்து வைத்திருக்கும். அதை மாற்றி எழுதினால், குவிக்டிராவிடம் கேட்டுவிட்டு வரையும் நிரல்கள் எல்லாம் பெரிய திரையைத் தாமாகவே நிரப்பின. 342 வரிகள்தான் இருக்கும் என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டு நேரே நினைவகத்தில் வரைந்தவை உடைந்தன. விளையாட்டுகள் பல இந்த இரண்டாவது வகை.

ஆப்பிள் தன் நிரலாளர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்த அறிவுரை இது: வன்பொருளை நேரே தொடாதீர்கள், டூல்பாக்ஸ் வழியாகப் போங்கள். எதிர்கால மேக்குகளுக்காகச் சொன்னது, அட்டாரிக்கும் உதவியது.

நீங்கள் கேட்ட வேகத்துக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. மேக்கில் திரைக்கான தகவலை எடுக்கும் சுற்றும் செயலியும் ஒரே ராமைப் பங்கு போட்டன, செயலி அடிக்கடி காத்திருக்க நேர்ந்தது. எஸ்டியில் இருவரும் மாறி மாறி எடுக்கும்படி கணக்காக அமைத்திருந்ததால் அந்தக் காத்திருப்பு அநேகமாக இல்லை. கடிகார வேகத்தில் இருந்த சிறிய வித்தியாசத்தை விட இதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

#6 நெய்தல்கரை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பழஞ்சில்லு அண்ணா எழுதியது நன்றாக விளங்குகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வித்தை முழுக்க ஆப்பிளின் ரோமை நம்பித்தான் நிற்கிறது. டூல்பாக்ஸை எழுதியவர்கள் ஆப்பிளின் பொறியாளர்கள். ஸ்மால் எழுதியது ஒட்டு வேலை மட்டும்தானே? அந்த ரோமை எங்கிருந்து எடுத்தார்கள்? நகலெடுத்து விற்றிருந்தால் அது திருட்டு, எவ்வளவு திறமையாகச் செய்திருந்தாலும்.

#7 பழஞ்சில்லு

நகலெடுத்து விற்கவில்லை தம்பி, அங்கேதான் அவர்களுடைய கவனம் தெரிகிறது. ஆப்பிள் II-வின் ரோமை நகலெடுத்துக் கணினி விற்ற பிராங்க்ளின் நிறுவனத்துக்கு எதிராக 1983-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. ரோமில் இருக்கும் நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று அதோடு உறுதியாகிவிட்டது. ஆகவே மேஜிக் சாக்கில் ரோம் சிப்புக்கான இடம் காலியாக இருந்தது. வாங்குபவர் அசல் ஆப்பிள் சிப்புகளைத் தனியாக வாங்கி அதில் பொருத்திக்கொள்ள வேண்டும்.

சிப்புகள் கிடைத்ததற்கும் காரணம் ஆப்பிள்தான். மேக் பிளஸோடு 128 கிலோபைட் ரோம் வந்ததும், பழைய மேக் வைத்திருந்தவர்கள் புதிய ரோமுக்கு மாறினார்கள். கழற்றிய 64 கிலோபைட் சிப்புகள் சந்தைக்கு வந்தன. விலை கொடுத்து வாங்கிய சிப்பை எந்தப் பெட்டியில் பொருத்துவது என்பது வாங்கியவருடைய உரிமை என்பதுதான் ஸ்மால் தரப்பின் நிலை. இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை, அது நேர்மையான வழிதான்.

பின்னால் ஸ்மால் தன் சொந்த நிறுவனத்தில், கேட்ஜெட்ஸ் பை ஸ்மால் என்று பெயர், ஸ்பெக்டர் 128-ஐ வெளியிட்டார். அது 128 கிலோபைட் ரோமைப் பயன்படுத்தியது. எஸ்டியின் காட்ரிட்ஜ் போர்ட்டுக்கு ஒதுக்கிய முகவரி இடமும் சரியாக 128 கிலோபைட்தான். தற்செயலாக அமைந்த பொருத்தம்.

#8 நெய்தல்கரை

சட்டப்படி சரி என்பதை ஏற்கிறேன் அண்ணா. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தச் சிப்புக்கு ஆப்பிள் வைத்த விலை ஒரு உதிரிப் பாகத்தின் விலை. டூல்பாக்ஸை உருவாக்கச் செலவான பல வருட உழைப்பை 2,500 டாலர் கணினியின் இலாபத்தில்தான் அவர்கள் மீட்டார்கள். உதிரிப் பாகத்தின் விலையில் முழு உழைப்பையும் எடுத்துக்கொள்வது நியாயமாக எனக்குப் படவில்லை. நாளைக்கு நான் ஒரு மென்பொருள் எழுதி, அதன் வருமானம் வேறொரு பொருளின் விலைக்குள் ஒளிந்திருந்தால் எனக்கும் இதே நிலைதான்.

#9 குறிமுறைஞர்

நெய்தல்கரை சொல்வதில் பொருள் இருக்கிறது. அதனால்தான் ரோமே இல்லாமல் செய்தவர்களை நான் இன்னும் உயர்வாக நினைக்கிறேன். நியூ மெக்சிகோவில் ஏஆர்டிஐ என்ற சிறிய நிறுவனம் எக்ஸிக்யூட்டர் என்று ஒன்றை எழுதியது. ஆப்பிளின் ரோமையோ சிஸ்டம் கோப்புகளையோ தொடாமல், டூல்பாக்ஸின் ஒவ்வொரு அழைப்பும் என்ன செய்ய வேண்டும் என்பதை வெளியான ஆவணங்களிலிருந்தும் சோதனைகளிலிருந்தும் தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். இன்டெல் செயலியில் 68000-ஐயும் சேர்த்து எமுலேட் செய்தார்கள். டாஸ் இயங்குதளம் கொண்ட பிசியில் மேக் வேர்டு ஓடியது. எல்லா மென்பொருளும் ஓடவில்லை, பிற்கால மேக் இயங்குதளமான சிஸ்டம் 7-ன் வசதிகளைக் கேட்டவை தடுமாறின. ஆனாலும் ஒரு சில பேர் ஆப்பிளின் டூல்பாக்ஸை வெளியிலிருந்து மறுபடி எழுதினார்கள் என்பது சாதாரணமா?

சட்டத்தைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்று. கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் 1999-ல் சோனி பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மேக்கில் ஓட்டும் வர்ச்சுவல் கேம் ஸ்டேஷனை வெளியிட்டது. அதை மேடையில் அறிமுகம் செய்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ். தன் ரோமுக்காகப் போராடிய ஆப்பிள், அடுத்தவர் ரோம் என்று வந்ததும் அந்தப் பக்கம் நின்றது. சோனி வழக்குத் தொடுத்தது. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஆராய்ந்து புரிந்துகொள்வதற்காகச் சோனியின் பயாஸை (ரோமில் இருக்கும் அடிப்படை நிரல்) இடையில் நகலெடுத்தது நியாயமான பயன்பாடு, விற்பனைக்கு வந்த பொருளில் சோனியின் நிரல் இல்லாதவரை. அடுத்த வருடமே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. தீர்ப்பு மட்டும் நிலைத்தது. இன்றைக்கு எமுலேட்டர் எழுதுபவர்கள் நிம்மதியாக வேலை செய்ய அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம்.

#10 அமிகாபற்று

எஸ்டி கதையாகவே போகிறது, கமடோரின் அமிகா கணினியையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் 68000-தான், அமெரிக்க மாதிரியில் 7.16 மெகாஹெர்ட்ஸ். 1989-ல் ரெடிசாஃப்ட் நிறுவனத்தின் ஏ-மேக்ஸ் வந்தது. மேக் ரோம் பொருத்திய சிறிய பெட்டி ஒன்றை வெளி ஃபிளாப்பி போர்ட்டில் மாட்டினால் அமிகா மேக் ஆகிவிடும். ஸ்பெக்டரைப் போலவே இதுவும் கணினியை முழுவதும் எடுத்துக்கொண்டது.

எனக்குப் பிடித்தது அடுத்த தலைமுறை. ஜெர்மனியின் கிறிஸ்டியன் பவர் எழுதிய ஷேப்ஷிஃப்டர். முழுக்க மென்பொருள், காட்ரிட்ஜ் கிடையாது. அமிகாவின் பல்பணி இயங்குதளத்தில் மேக்கும் ஒரு பணியாக ஓடியது! ஒரு திரையில் மேக், இன்னொரு திரையில் அமிகா. பின்னணியில் அமிகா தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஆப்பிள் தன் 68கே (68000 குடும்பச் செயலி) வரிசையை 68040-உடன் நிறுத்திவிட்டது. அதில் மிக வேகமானது 40 மெகாஹெர்ட்ஸ் குவாட்ரா 840ஏவி. மோட்டோரோலாவின் அடுத்த சில்லான 68060-ஐ எந்த மேக்கிலும் ஆப்பிள் போட்டதில்லை. அமிகாவுக்கோ 50 மெகாஹெர்ட்ஸ் 68060 முடுக்கி அட்டைகள் வந்தன. அப்படிப்பட்ட அமிகாவில் ஷேப்ஷிஃப்டரை ஓட்டினால், செயலி வேலைகளில் ஆப்பிள் விற்ற எந்த 68கே மேக்கையும் விட அது வேகமான மேக். போட்டியாளரின் பெட்டியில்தான் அந்த மென்பொருள் தன் உச்ச வேகத்தைத் தொட்டது.

#11 வட்டுவேட்டை

68060 விவரம் அருமை. ஃபிளாப்பி எப்படி? மேக் ஃபிளாப்பியை எஸ்டியில் நேரே போட்டுப் படிக்க முடிந்ததா?

#12 பழஞ்சில்லு

முடியவில்லை! ரோமுக்கு அடுத்து, ஏன் ரோமை விடவும், பெரிய தடை ஃபிளாப்பிதான். இரண்டிலும் அதே மூன்றரை அங்குல வட்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே எழுதும் முறை வேறு.

எஸ்டியின் டிரைவ் எப்போதும் நிமிடத்துக்கு 300 சுற்று. எம்எஃப்எம் என்ற குறியீட்டில் எழுதும். அதன் கட்டுப்பாட்டுச் சில்லு வெஸ்டர்ன் டிஜிட்டல் 1772, அதற்கு எம்எஃப்எம் தவிர வேறு பாஷை தெரியாது. மேக்கோ ஜிசிஆர் என்ற வேறு குறியீட்டில் எழுதியது, அதோடு டிரைவின் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தது. வட்டின் வெளி விளிம்பில் பாதை நீளம் அதிகம், உள்ளே குறைவு. வெளியே மெதுவாகச் சுற்றினால் அந்த நீளத்தில் கூடுதலாக எழுதலாம் என்பது மேக்கின் யோசனை. 80 பாதைகளை 16, 16 ஆக ஐந்து வட்டாரங்களாகப் பிரித்தார்கள். வெளி வட்டாரத்தில் ஒரு பாதைக்கு 12 பிரிவு, அடுத்து 11, 10, 9, உள்ளே 8. ஒரு பிரிவுக்கு 512 பைட். கூட்டிப் பாருங்கள், ஒரு பக்கத்துக்குச் சரியாக 400 கிலோபைட் வரும். எஸ்டியின் வழக்கமான முறையில் ஒரு பக்கத்துக்கு 360தான்.

டிரைவின் சுழற்சி வெளியே சுமார் 394, உள்ளே சுமார் 590. இந்த வட்டை 300-லேயே சுற்றும் டிரைவில் போட்டால் 1772 சில்லுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும்.

மேஜிக் சாக் காலத்தில் இதற்குத் தீர்வு சுற்றுவழிதான். எஸ்டி படிக்கக்கூடிய தனி வடிவத்தில் மேக் கோப்புகளை எழுதிக்கொண்டார்கள். அசல் மேக்கிலிருந்து கோப்புகளைக் கம்பி வழியாக அனுப்பினார்கள். டிரான்ஸ்லேட்டர் ஒன் என்று ஒரு தனிப் பெட்டியும் வந்தது. அது எஸ்டியோடு பேசியது மிடி போர்ட் வழியாக! இசைக்கருவிகளை இணைக்க வைத்த துளை ஃபிளாப்பி படிக்கப் பயன்பட்டது. கையில் இருக்கும் எந்த வாசலையும் விட்டுவைக்காத அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிறகு 1989-ல் ஸ்பெக்டர் ஜிசிஆர். காட்ரிட்ஜிலேயே ஃபிளாப்பிக்கான சுற்றை வைத்து, டிரைவின் கம்பியை அதன் வழியாகவே கொண்டுபோனார்கள். டிரைவின் வேகத்தை மாற்ற முடியாது, சரி, படிக்கும் கடிகாரத்தை மாற்றலாமே? வட்டு 300-லேயே சுற்றட்டும். வெளிப் பாதைகளில் பிட்டுகள் ஒரு வேகத்தில் வரும், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாக வரும். எந்தப் பாதையில் இருக்கிறோம் என்பது தெரியுமாதலால் அதற்கேற்ற வேகத்தில் பிட்டுகளை எண்ணினால் போதும். எழுதும்போதும் அதே கணக்கு. ஆப்பிள் மோட்டாரில் செய்ததை இவர்கள் கடிகாரத்தில் செய்தார்கள். சாதாரண எஸ்டி டிரைவில் அசல் மேக் ஃபிளாப்பியைப் படிக்கவும் எழுதவும் முடிந்தது.

வட்டு வெளியே வரும் விஷயமும் உண்டு. மேக்கில் மென்பொருள் சொன்னால் டிரைவே வட்டை வெளியே தள்ளும். எஸ்டியில் கையால் பொத்தானை அழுத்தி எடுக்க வேண்டும். மேக் இயங்குதளத்துக்கு வட்டு மாறியது தெரியாமல் போனால் தவறான வட்டில் எழுதித் தொலைத்துவிடும். அதையும் கவனமாகக் கையாள வேண்டியிருந்தது.

#13 அமிகாபற்று

ஏ-மேக்ஸிலும் இதே பாடுதான். தொடக்கத்தில் மேக் ஃபிளாப்பியை நேரே படிக்க வேண்டுமானால் அசல் மேக் டிரைவ் ஒன்றை வாங்கி அந்தப் பெட்டியில் மாட்ட வேண்டும். ஃபிளாப்பி விஷயத்தில் ஸ்பெக்டர் ஜிசிஆருக்குத்தான் என் வாக்கு, அமிகாக்காரன் சொல்கிறேன்.

#14 குறிமுறைஞர்

செயலியும் வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதே எஸ்டிக்கு 1987-ல் பிசி-டிட்டோ வந்தது. ஐபிஎம் பிசியின் டாஸ் மென்பொருளை முழுக்க மென்பொருளாலேயே ஓட்டியது. அங்கே பிசியின் இன்டெல் செயலியான 8088-ன் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, என்னவென்று பார்த்து, அதற்குரிய 68000 கட்டளைகள் பலவற்றை ஓட்ட வேண்டும். 8088 எண்ணின் சிறிய பைட்டை முதலில் வைக்கும், 68000 பெரியதை முதலில் வைக்கும், ஒவ்வொரு முறையும் புரட்ட வேண்டும். ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் 8088-ன் நிலைக் கொடிகளை (விடை சுழியமா, மிகுதியா என்று குறிக்கும் பிட்டுகள்) கணக்கிட வேண்டும். விளைவு, 4.77 மெகாஹெர்ட்ஸ் அசல் பிசியின் வேகத்தில் ஒரு பகுதிதான் கிடைத்தது. பொறுமையாக இருந்தால் கணக்கு வேலை பார்க்கலாம். வட்டுவேட்டை முதலில் கேட்டாரே, பல மடங்கு சக்தி எங்கே போகிறது என்று, இங்கேதான் போகிறது.

அதே விலையை ஆப்பிளும் பின்னால் கொடுத்தது. 1994 மார்ச்சில் பவர்பிசி என்ற வேறு வகைச் செயலியோடு மேக்குகள் வந்தபோது, பழைய 68கே மென்பொருளை ஓட்டும் எமுலேட்டரை ரோமிலேயே வைத்தார்கள். எழுதியவர் கேரி டேவிடியன். இயங்குதளத்தின் பெரும்பகுதியே இன்னும் 68கே நிரலாக இருந்ததால், புதிய கணினியின் இயங்குதளமே எமுலேஷனில்தான் ஓடியது. அடுத்த வருட மாடல்களில், அடிக்கடி வரும் நிரல் துண்டுகளை ஒருமுறை பவர்பிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. வேகம் நன்றாகக் கூடியது.

2020-ல் ஆப்பிளின் எம்1 சில்லோடு வந்த, இன்டெல் மேக் மென்பொருளை ஓட்டும் ரொசெட்டா 2 இதில் இன்னும் ஒரு படி. முடிந்தவரை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துவிடும். அதோடு நிற்கவில்லை. பல கோர்கள் நினைவகத்தில் எழுதும்போது எந்த வரிசையில் மற்ற கோர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில் இன்டெல்லின் விதி கண்டிப்பானது, எம்1 சேர்ந்த ஆர்ம் வகையின் விதி தளர்வானது. அதை மென்பொருளால் ஈடுகட்டினால் ஒவ்வொரு எழுதலும் மெதுவாகும். ஆப்பிள் தன் சில்லிலேயே இன்டெல் வரிசையைப் பின்பற்றும் ஒரு நிலையை வைத்துவிட்டது. எமுலேட்டருக்காகச் செயலியையே வளைத்திருக்கிறார்கள்.

#15 நெய்தல்கரை

இந்த வரிசை விவகாரம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் பாருங்கள், ஆப்பிளுக்கு ரோமும் சொந்தம், சில்லும் சொந்தம், தேவையான மாற்றத்தை மூல நிரலிலேயே செய்யலாம். ஸ்மாலிடம் எதுவும் இல்லை. நியாயம் பற்றிய என் கருத்து மாறவில்லை. அவருடைய வேலை வெறும் ஒட்டு வேலை இல்லை என்பதை மட்டும் ஃபிளாப்பி பகுதியைப் படித்ததும் ஒப்புக்கொள்கிறேன் அண்ணா.

#16 பெட்டகம்

இழையை முழுக்கப் படித்தேன். எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. தொண்ணூறுகளில் என் பெரியப்பா மேக்கில் மயிலை என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகள் சில ஃபிளாப்பிகளில் இருக்கின்றன. அவருடைய மேக் எப்போதோ போய்விட்டது. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சில வட்டுகளைப் படிக்கவே இல்லை, சிலவற்றை ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கிறது. ஏதாவது வழி உண்டா?

#17 பழஞ்சில்லு

ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள், அது முக்கியம்! முதலில் எல்லா வட்டிலும் எழுதுவதைத் தடுக்கும் சிறிய தாழ்ப்பாளைத் திறந்த நிலைக்குத் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் வட்டின் மூலைகளைப் பாருங்கள். இரண்டு மூலையில் துளை இருந்தால் அது 1.44 மெகாபைட் வட்டு. மேக் அதை எம்எஃப்எம் முறையில், ஒரே வேகத்தில்தான் எழுதும். உங்கள் யூஎஸ்பி டிரைவ் அதைப் படிக்கும், விண்டோஸுக்குக் கோப்பு முறைமை புரியாததால்தான் ஃபார்மட் கேட்கிறது. வட்டை முழுதாக ஒரு பிம்பக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்கப் பார்க்காதீர்கள். மேக் கோப்புக்குத் தரவுப் பகுதி, வளப் பகுதி என்று இரண்டு உண்டு. விண்டோஸுக்கு நேரே நகலெடுத்தால் இரண்டாவது போய்விடும்.

ஒரு துளை மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 800 அல்லது 400 கிலோபைட் ஜிசிஆர் வட்டு. யூஎஸ்பி டிரைவ் அதை ஒருபோதும் படிக்காது, மேலே எழுதிய அதே காரணம்தான். கிரீஸ்வீசில் என்ற சிறிய மின்சுற்று அட்டையும் பழைய மேசைக் கணினியின் ஃபிளாப்பி டிரைவும் வாங்குங்கள். அந்த அட்டை காந்தத் துடிப்புகளை நேரடியாகப் பதிவு செய்துகொள்ளும், குறியீட்டை மென்பொருள் பின்னால் பிரித்துக்கொள்ளும். ஸ்பெக்டர் ஜிசிஆர் செய்த வேலையின் இன்றைய வடிவம் இது.

#18 குறிமுறைஞர்

பிம்பம் கிடைத்ததும் பசிலிஸ்க் II-இல் திறக்கலாம். மேலே அமிகாபற்று சொன்ன ஷேப்ஷிஃப்டரின் அதே கிறிஸ்டியன் பவர் தொடங்கியதுதான் அதுவும். மிகப் பழைய கோப்பு என்றால் மேக் பிளஸைப் போல நடக்கும் மினி விமேக் போதும். இரண்டுக்கும் மேக் ரோம் பிம்பம் தேவை. நெய்தல்கரையின் கேள்வி இங்கேயும் வரும். முறையான வழி, பழைய மேக் வைத்திருப்பவர் தன் கணினியிலிருந்தே ரோமைப் பிரதியெடுத்துப் பயன்படுத்துவது.

மயிலை எழுத்துருக் கோப்பும் அந்த வட்டுகளில் எங்காவது இருக்கும், அதையும் காப்பாற்றுங்கள். மேக் எழுத்துருவின் உருவங்கள் வளப் பகுதியில்தான் இருக்கும். அது இல்லாமல் திறந்தால் கட்டுரை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஏனென்றால் உள்ளே சேமித்திருப்பது எழுத்துருவுக்கான இட எண்கள் மட்டும். எமுலேட்டரில் எழுத்துருவோடு திறந்து சரிபார்த்துவிட்டு, உரையை வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

#19 பெட்டகம்

மூலையைப் பார்த்தேன். பாதி வட்டுகளில் இரண்டு துளை, மீதியில் ஒன்றுதான். ஒரு வட்டின் மேல் “எழுத்துரு” என்று பெரியப்பா கையெழுத்தில் இருக்கிறது, அது ஒற்றைத் துளை. 1.44 வட்டுகளுக்கு இன்றிரவே பிம்பம் எடுக்கத் தொடங்குகிறேன். கிரீஸ்வீசிலுக்கு ஆர்டர் போடுகிறேன். பழைய டிரைவ் வைத்திருப்பவர்கள் யாராவது கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

#20 அமிகாபற்று

என்னிடம் இரண்டு இருக்கின்றன, திருப்பூரில்தான் இருக்கிறேன். அனுப்புவதற்கு முன் டிரைவின் படிக்கும் தலையைச் சுத்தம் செய்து தருகிறேன். பழைய வட்டுகளில் பூஞ்சை இருந்தால் சுத்தமான தலையும் ஒரே சுற்றில் அழுக்காகிவிடும். அதனால் “எழுத்துரு” வட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டு, தேவையில்லாத வட்டு ஒன்றில் முதலில் பழகிப் பாருங்கள். தனிமடலில் முகவரி அனுப்புங்கள்.